டிரம்ஸ் பயிற்சி: வேகமா, விவேகமா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இசைக் கருவி பயிலும் பிள்ளைகளுக்கு முதலில் வேண்டியது வேகமா, விவேகமா என்பதுதான் இன்றைய கேள்வி. வேகமே என்று வாதாடிய எதிரணியினர் டிரம்ஸ் கலைஞர்களை உதாரணம் காட்டிக் கைத்தட்டலை அள்ளிச் சென்றார்கள். அதில் வியப்பில்லை. மேடையில் ஒருவர் குச்சியைச் சுழற்றி, எல்லா டிரம்களையும் ஒரே மூச்சில் உருட்டி, கடைசியில் சிம்பலை ஓங்கி அடித்தால் கூட்டம் எழுந்து நிற்கும். வீட்டிலிருந்து பார்க்கும் பிள்ளைக்கும் அதுதான் கண்ணில் நிற்கும். மறுநாள் அந்தப் பிள்ளை டிரம்ஸ் வகுப்பில் சேர வேண்டும் என்று அடம்பிடிக்கும். ஆறு மாதம் கழித்து, "கை ஓட மாட்டேங்குது, எனக்குத் திறமை இல்லை" என்று சொல்லிவிட்டுக் குச்சிகளை அலமாரிக்கு மேல் போட்டுவிடும்.

அந்தப் பிள்ளைக்கு உண்மையிலேயே திறமை இல்லையா? அல்லது பயிற்சியைத் தவறான முனையிலிருந்து தொடங்கியதா? விவேக அணியின் வாதம் இந்த இடத்தில்தான் ஆரம்பமாகிறது.

ஒருவர் செய்யும் மூவர் வேலை

டிரம் செட் என்பது பழைய கருவி அல்ல. 19ஆம் நூற்றாண்டின் இராணுவ, ஊர்வல வாத்தியக் குழுக்களில் பெரிய டிரம்முக்கு ஒருவர், சிறிய டிரம்முக்கு ஒருவர், சிம்பலுக்கு ஒருவர் என்று ஆட்கள் இருந்தார்கள். நாடக அரங்குகளிலும் நடனக் கூடங்களிலும் அத்தனை பேருக்கு இடமும் இல்லை, சம்பளமும் இல்லை. 1909ஆம் ஆண்டு சிகாகோவில் வில்லியம் லட்விக் என்பவர் வேகமாக இயங்கக்கூடிய கால்மிதிக்குக் காப்புரிமை பெற்றார். அதன் பிறகு பெரிய டிரம்மை வலது காலாலேயே அடிப்பது எளிதாயிற்று. 1920களில் ஹை-ஹேட் வந்தது. ஒரு கம்பியில் மாட்டிய இரண்டு சிம்பல்களை இடது காலால் மூடித் திறக்கும் அமைப்பு அது.

ஆக, மூன்று பேர் செய்த வேலை ஒருவர் தலையில் வந்து விழுந்தது. இரண்டு கைகள், இரண்டு கால்கள், நான்கிற்கும் நான்கு வேலை. இந்த நான்கும் சேர்ந்து ஒரு பாடல் முழுக்க மாறாமல் சுழன்று வரும் தாளக் கட்டைத்தான் 'குரூவ்' என்கிறார்கள். பாடகர் மூச்சு வாங்கலாம், கித்தார் கலைஞர் ஓய்வு எடுக்கலாம். குரூவ் நிற்கக்கூடாது. மேடையில் கைத்தட்டல் வாங்கும் ஐந்து வினாடி உருட்டலுக்கு முன்னும் பின்னும் நாலு நிமிடம் பாடலைத் தோளில் சுமப்பது அதுதான்.

ஒரு சின்னச் சோதனை

நேயர்கள் இருந்த இடத்திலேயே ஒன்று செய்து பார்க்கலாம். இரண்டு ஆள்காட்டி விரல்களையும் மேசைமேல் நீட்டுங்கள். கார் கண்ணாடியைத் துடைக்கும் துடைப்பான்கள்போல் இரண்டையும் ஒரே பக்கமாக ஆட்டுங்கள். இரண்டும் இடப்பக்கம், பிறகு இரண்டும் வலப்பக்கம். மெதுவாகச் செய்தால் சிரமமே இல்லை. இப்போது கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் கூட்டுங்கள். ஒரு கட்டத்தில் விரல்கள் சொன்னபடி கேட்காது. தாமாகவே இரண்டும் உள்ளே, இரண்டும் வெளியே என்று கண்ணாடிப் பிம்பம்போல் ஆடத் தொடங்கிவிடும்.

ஸ்காட் கெல்சோ என்ற விஞ்ஞானி 1980களில் இதை ஆராய்ந்து, 1984இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினார். நம் மூளை இரு கைகளையும் சேர்த்து இயக்கவே விரும்புகிறது. மெதுவாகச் செல்லும்போது வேறு வேறு வேலை செய்ய அனுமதிக்கிறது. வேகம் ஒரு வரம்பைத் தாண்டியதும் பழைய, எளிய வழிக்கே இழுத்துக்கொள்கிறது.

எதிரணியினர் இதற்கு என்ன பதில் சொல்வார்கள்? கற்றுக்கொள்ளாத ஓர் அசைவை வேகமாகச் செய்யப் போனால், கை கால்கள் குலைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. டிரம்ஸ் பயிலும் பிள்ளைக்கு நடப்பதும் இதுவே. வலது கால் பெரிய டிரம்மை அடிக்கும் இடத்தில் இடது கையும் சேர்ந்து ஸ்நேர் டிரம்மை அடித்துவிடுகிறது. அதைத் திறமைக் குறைவு என்று எண்ணிப் பிள்ளை கலங்குகிறது. அது எல்லா மனிதருக்கும் உள்ள இயல்பு. அதை மாற்றுவதற்கு ஒரே வழி, இயல்பு குறுக்கிடாத அளவு மெதுவாகத் தொடங்குவதுதான்.

வாயால் சொல், பிறகு கையால் அடி

மெதுவாக என்றால் எப்படி? அதற்கும் முறை இருக்கிறது. நியூயார்க்கின் பதிவுக் கூடங்களில் வாசித்துப் பெயர் பெற்ற கேரி செஸ்டர், 1985இல் 'தி நியூ பிரீட்' என்ற பயிற்சி நூலை வெளியிட்டார். கை கால்கள் வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு உறுப்பின் தாளத்தையும் வாயால் பாட வேண்டும் என்பது அவர் வகுத்த பயிற்சி. அமெரிக்கர்களுக்கு இது புதுமையாக இருந்திருக்கலாம். மிருதங்கம் பயின்றவர்களுக்கு இது முதல் நாள் பாடம். சொற்கட்டு வாயில் வந்த பிறகுதான் விரலுக்கு இறங்கும். ஜர்னி குழுவில் வாசித்த ஸ்டீவ் ஸ்மித் போன்ற மேல்நாட்டு டிரம்ஸ் கலைஞர்கள் பின்னாளில் கொன்னக்கோல் கற்றுக்கொண்டதும் இந்தப் பயனை அறிந்துதான்.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது கைவசம் இருக்கும் செல்வம். ஒரு சுற்றுக்கு நான்கு எண்ணிக்கை. ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் ஒரு 'தகதிமி'. மொத்தம் 16 அசைகள். மெட்ரோனோமை நிமிடத்திற்கு 60 என்று வைத்துக்கொண்டால் ஒரு வினாடிக்கு ஒரு 'தகதிமி'. முதலில் குச்சியே வேண்டாம். வாயால் சொல்லட்டும்.

அடுத்து, வலது கை மட்டும் ஹை-ஹேட்டில் 'த'விலும் 'தி'யிலும் தட்டட்டும். அது ஓடத் தொடங்கியதும், இரண்டாவது, நான்காவது எண்ணிக்கைகளின் 'த'வில் இடது கை ஸ்நேரை அடிக்கட்டும். பிறகு முதல், மூன்றாவது எண்ணிக்கைகளின் 'த'வில் வலது கால் மிதிக்கட்டும். உலகத்தில் பாதிப் பாடல்களுக்கு இந்த ஒரு குரூவை வைத்தே வாசித்துவிடலாம் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள்.

உண்மையான பயிற்சி இதற்குப் பிறகு வருகிறது. கைகள் இரண்டும் மாறாமல் ஓட, கால் மட்டும் இடம் மாற வேண்டும். 'த'வில் விழுந்த மிதி 'தி'க்குப் போக வேண்டும். அங்கே வலது கையும் கூட இருப்பதால் துணை உண்டு. பிறகு 'க'வுக்கும் 'மி'க்கும் போக வேண்டும். அங்கே கைகள் இரண்டும் சும்மா இருக்கும். கால் தனியாக நிற்க வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் தடுமாறும் இடம் இது. வலது கை, காலுக்கு உதவுவதாக எண்ணிக்கொண்டு, கூட ஓர் அடி போட்டுவிடும். அப்படி நேர்ந்தால் வேகத்தை 60இலிருந்து 50க்கோ 40க்கோ குறைக்க வேண்டும். 40இல் ஓர் அசைக்கும் அடுத்த அசைக்கும் இடையே ஒரு வினாடியின் மூன்றில் ஒரு பங்கிற்கும் கூடுதலான நேரம் கிடைக்கும். எந்த உறுப்பு எப்போது அசைய வேண்டும் என்று மூளை தீர்மானிக்க அந்த நேரம் போதும்.

ஒரு முறை சரியாக வந்துவிட்டதே என்று அடுத்ததற்குத் தாவக்கூடாது. 1935இல் ஜார்ஜ் லாரன்ஸ் ஸ்டோன் எழுதிய 'ஸ்டிக் கன்ட்ரோல்' நூல் இன்றும் டிரம்ஸ் பயில்வோர் கையில் இருக்கிறது. அதிலுள்ள ஒவ்வொரு பயிற்சியையும் நிறுத்தாமல் 20 முறை வாசித்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். ஓங்கி ஒரே அடியாக அடித்தால் நகரும் என்று அவர்கள் சொல்லவில்லை.

ஒரு சாண், இரண்டு விரல்

கை கால்கள் பிரிந்து இயங்கக் கற்றுக்கொண்டாயிற்று. ஆனாலும் குரூவ் இசையாக ஒலிக்கவில்லையே, ஏன்? எல்லா அடிகளும் ஒரே சத்தத்தில் விழுவதுதான் காரணம். எல்லாச் சொல்லையும் ஒரே அழுத்தத்தில் பேசும் ஒருவரின் பேச்சை எத்தனை நிமிடம் கேட்க முடியும்?

டிரம்ஸில் சத்தத்தைத் தீர்மானிப்பது தோள்பலம் அல்ல. குச்சி எவ்வளவு உயரத்திலிருந்து இறங்குகிறது என்பதுதான் பெரும்பாலும் அதைத் தீர்மானிக்கிறது. அழுத்தமான அடிக்குக் குச்சியின் நுனி ஒரு சாண் உயரத்திலிருந்து வரட்டும். மெல்லிய அடிக்கு இரண்டு விரல் உயரம் போதும். இந்த இரண்டு உயரங்களிலிருந்து நான்கு வகை அடிகள் பிறக்கின்றன. மேலிருந்து வந்து மேலேயே திரும்புவது ஒன்று. மேலிருந்து வந்து கீழேயே நிற்பது ஒன்று. கீழிருந்து தட்டிவிட்டுக் கீழேயே இருப்பது ஒன்று. கீழிருந்து தட்டி மேலே எழுவது ஒன்று. அடுத்த அடி பலமானதா மெல்லியதா என்பதை இந்த அடி முடியும்போதே கை அறிந்திருக்க வேண்டும். விவேகம் என்று விவேக அணி சொல்வது இதைத்தான்.

பலமான அடிகளுக்கு நடுவே ஸ்நேரில் விழும் மிக மெல்லிய தட்டல்களுக்கு 'கோஸ்ட் நோட்' என்று பெயர். காதில் விழுந்தும் விழாமலும் இருக்கும். எடுத்துவிட்டால் மட்டும் ஏதோ குறைவது தெரியும். சமையலில் பெருங்காயம்போல் என்று வைத்துக்கொள்ளலாம். இவற்றைப் பயிலும்போது வலது கை ஹை-ஹேட்டில் சத்தம் கூட்டாமல் இருக்க வேண்டும். இடது கை ஓங்கி அடிக்கும் நேரத்தில் வலது கையும் சேர்ந்து ஓங்கும். விரல் சோதனையில் பார்த்த அதே ஒட்டுதல் இங்கே சத்தத்தில் வருகிறது.

ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவில் 1963 முதல் 2021இல் மறையும் வரை வாசித்த சார்லி வாட்ஸ், ஸ்நேர் அடி விழும் இரண்டாவது, நான்காவது எண்ணிக்கைகளில் வலது கையை ஹை-ஹேட்டிலிருந்து தூக்கிவிடுவார். அங்கே அவர் ஓர் அடியைக் குறைத்தார். ஸ்நேர் தனித்துத் தெளிவாக ஒலித்தது. கூட்டி அடிப்பதால் அல்ல, குறைத்து அடிப்பதாலேயே அவர் பாணி அடையாளம் பெற்றது.

20 வினாடி தந்த பாடம்

கோஸ்ட் நோட்டின் பெருமைக்கு ஒருவரை மட்டும் சொல்ல வேண்டுமானால் அவர் கிளைட் ஸ்டபுள்ஃபீல்டு. 1943இல் அமெரிக்காவின் சட்டனூகா நகரில் பிறந்தவர். முறையாக வகுப்புக்குப் போகாதவர். தொழிற்சாலை இயந்திரங்களின் ஓசையையும் இரயில் ஓசையையும் கேட்டுக் கேட்டே தாளத்தைப் பிடித்துக்கொண்டவர். ஜேம்ஸ் பிரவுனின் குழுவில் சேர்ந்த அவர், 1969 நவம்பரில் சின்சினாட்டியில் 'ஃபங்கி டிரம்மர்' என்ற பாடலுக்கு வாசித்தார். அது 1970இல் வெளிவந்தது.

அந்தப் பதிவில் ஓரிடத்தில் மற்ற எல்லா வாத்தியங்களும் நின்றுவிட, டிரம்ஸ் மட்டும் சுமார் 20 வினாடி ஒலிக்கிறது. அதற்கு முன்பாக ஜேம்ஸ் பிரவுன் அவரிடம், தனி ஆவர்த்தனம் எதுவும் வேண்டாம், வாசித்துக்கொண்டிருப்பதையே விடாமல் வாசித்தால் போதும் என்று சொல்வதும் பதிவாகியிருக்கிறது. ஸ்டபுள்ஃபீல்டு அதையே செய்தார். வேகமான உருட்டல் இல்லை. நிமிடத்திற்கு ஏறத்தாழ 100 எண்ணிக்கை. ஹை-ஹேட்டில் 16 அசைகளும் ஓட, இரண்டிலும் நான்கிலும் ஸ்நேர் ஓங்கி ஒலிக்க, இடையிடையே இடது கை முணுமுணுக்கிறது.

1980களில் ராப் இசைக் கலைஞர்கள் அந்த 20 வினாடியை வெட்டி எடுத்துத் தங்கள் பாடல்களுக்கு அடித்தளமாக்கினார்கள். இன்று ஆயிரத்திற்கும் மேற்பட்ட பதிவுகளில் அது ஒலிக்கிறது. பப்ளிக் எனிமி குழுவின் 1989ஆம் ஆண்டுப் பாடல் 'ஃபைட் தி பவர்' அவற்றுள் ஒன்று.

ஆனால் அந்த 20 வினாடிக்குச் சொந்தக்காரருக்கு என்ன கிடைத்தது? பாடலாசிரியராகப் பதிவாகியிருந்த பெயர் ஜேம்ஸ் பிரவுனுடையது. டிரம்ஸ் கலைஞர் அன்றைய வாசிப்புக்குக் கூலி பெற்றவர், அவ்வளவுதான். மெட்டுக்கும் வரிகளுக்கும் கிடைக்கும் ஆசிரியர் உரிமை தாளக் கட்டுக்குக் கிடைக்கவில்லை. 2011இல் அளித்த ஒரு நேர்காணலில், தமக்கு அது பெரிய மனவேதனை இல்லை என்றாலும், ஒருவர் உழைப்பை எடுத்துக்கொண்டு ஊதியம் தராமல் இருப்பது மரியாதைக் குறைவு என்று அவர் சொன்னார். புற்றுநோய் சிகிச்சைக்கு அவர் பட்ட கடனில் பெரும் பகுதியைப் பாடகர் பிரின்ஸ் வெளியே சொல்லாமல் கட்டினார் என்பது பிரின்ஸ் மறைந்த பிறகே தெரியவந்தது. 2017 பிப்ரவரியில், 73 வயதில், ஸ்டபுள்ஃபீல்டு மேடிசன் நகரில் காலமானார்.

இதை இங்கே சொல்லக் காரணம் அனுதாபம் தேடுவது மட்டும் அல்ல. பின்னணியில் அடக்கமாக ஒலிக்கும் உழைப்பை உலகம் எளிதில் மறந்துவிடுகிறது. வேகத்துக்கும் சத்தத்துக்கும் மட்டுமே நாம் கை தட்டினால், நம் பிள்ளைகளும் அந்த இரண்டை மட்டுமே கற்றுக்கொள்வார்கள்.

"எல்லாம் பிறவித் திறமை" என்பவர்களுக்கு

பயிற்சியால் என்ன ஆகிவிடும், கை கால் வாகு பிறவியிலேயே வர வேண்டும் என்று எதிரணியில் ஒருவர் குறிப்பிட்டார். இங்கிலாந்தின் டெஃப் லெப்பர்டு குழுவின் டிரம்ஸ் கலைஞர் ரிக் ஆலன், 1984 டிசம்பர் 31ஆம் நாள் கார் விபத்தில் இடது கையை இழந்தார். அப்போது அவருக்கு வயது 21. டிரம்ஸ் வாழ்க்கை முடிந்தது என்றே எவரும் நினைப்பார்கள். அவர் இடது கையின் வேலையை இடது காலுக்கு மாற்றிக்கொண்டார். மின்னணு மிதிகள் பொருத்திய டிரம் செட் அவருக்காக உருவாயிற்று. கைக்குப் பழகிய தாளத்தைக் காலுக்குப் பழக்க, குழந்தைபோல் முதலிலிருந்து தொடங்கினார். 1986 ஆகஸ்டில் டோனிங்டன் இசை விழா மேடையில் மீண்டும் வாசித்தார். 1987இல் வெளிவந்த 'ஹிஸ்டீரியா' ஆல்பம் பல மில்லியன் பிரதிகள் விற்பனையானது. பிறவியில் வந்த கை போன பிறகு மிச்சமிருந்தது என்ன? பொறுமையும் பயிற்சியும்தான்.

இயந்திரம்போல் மெட்ரோனோமோடு மாரடித்தால் கற்பனை செத்துவிடும் என்று இன்னொருவர் அஞ்சினார். 1982இல் வெளிவந்த டோட்டோ குழுவின் 'ரோசானா' பாடலைக் கேட்டுப் பாருங்கள். அதில் வாசித்த ஜெஃப் பொர்காரோ, பெர்னார்டு பர்டியின் புகழ்பெற்ற ஷஃபிள் தாளத்தையும், லெட் செப்பலின் குழுவின் ஜான் பான்ஹாம் வாசித்த ஒரு தாளத்தையும், போ டிட்லியின் தாளத்தையும் இணைத்துப் புதிய குரூவை உருவாக்கினார். அதை அவரே பயிற்சி ஒளிப்பதிவில் பிரித்துக் காட்டி விளக்கியிருக்கிறார். மற்றவர்களின் தாளத்தை ஊன்றிப் பயின்றவரின் கையில்தான் புதிய தாளம் பிறந்தது.

பெற்றோருக்கு

உறுமி மேளம் கேட்டு வளர்ந்த நம் பிள்ளைகளுக்குத் தாள உணர்வுக்குக் குறைவில்லை. குறைவது வீட்டில் இடமும் அண்டை வீட்டாரின் பொறுமையும்தான். அடுக்குமாடியில் டிரம் செட் வைத்தால் மாலையே புகார் வரும். மின்னணு டிரம் செட் வாங்கினாலும் கால்மிதியின் அதிர்வு தரை வழியாகக் கீழ்வீட்டுக் கூரைக்கு இறங்கும். அடியில் தடித்த விரிப்பு போட வேண்டும். ஆனால் இன்று சொன்ன பயிற்சிகளில் பாதிக்கு டிரம் செட்டே தேவையில்லை. ஒரு ரப்பர் பயிற்சிப் பலகை, ஒரு நாற்காலி, தரையில் தட்ட இரண்டு பாதங்கள். கைப்பேசியில் மெட்ரோனோம் இலவசமாகக் கிடைக்கிறது. அதே கைப்பேசியில் வாசிப்பைப் பதிவு செய்து கேட்கவும் சொல்லுங்கள். வாசிக்கும்போது தெரியாத தவறு, கேட்கும்போது தெரியும்.

காதுகளையும் மறந்துவிடாதீர்கள். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வுக் கழகம் வகுத்த அளவின்படி, 85 டெசிபல் ஒலியை நாளுக்கு 8 மணி நேரம் வரை கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். ஓங்கி அடிக்கும் டிரம் செட் 100 டெசிபலைச் சுலபமாகத் தாண்டும். காது அடைப்பான் இல்லாமல் நாளெல்லாம் பலமாக அடித்துப் பழகும் பிள்ளை, இசைக்குத் தேவையான முதல் கருவியையே இழக்கிறது. இழந்த கேள்வித்திறன் திரும்பி வருவதில்லை.

நாளுக்கு அரை மணி நேரம் போதும். பத்து நிமிடம் வாயால் சொல்லி ஒரு கையும் ஒரு காலும். பத்து நிமிடம் ஒரே ஒரு குரூவ், காலின் இடத்தை மாற்றி மாற்றி. கடைசிப் பத்து நிமிடம் அதே குரூவை மூன்று அளவில்: பலமாக, மிதமாக, அடுத்த அறையில் தூங்கும் குழந்தை விழிக்காத அளவு மெல்ல. மூன்றிலும் வேகம் மாறக்கூடாது. மெல்ல அடிக்கும்போது வேகம் குறைவதும், பலமாக அடிக்கும்போது வேகம் ஓடுவதும் எல்லோருக்கும் நேர்வது. அந்த மாற்றம் நின்றுவிட்ட நாளில், மெட்ரோனோமில் இரண்டு எண் கூட்டிக்கொள்ளலாம்.

ஆம், வேகமும் வரும். விவேக அணி வேகத்துக்கு எதிரி அல்ல. விவேகத்தோடு பயின்றவரைத் தேடி வேகம் தானாக வரும். வேகத்தைத் துரத்தியவரிடம் விவேகம் திரும்பி வருவது அபூர்வம்.

தம்பிகளே, தங்கைகளே, அலமாரிக்கு மேல் போட்ட குச்சிகளை இன்றிரவு இறக்குங்கள். தலைவர் அவர்களே, தீர்ப்பு தங்கள் கையில்.